பால்காரம்மா கொலை வழக்கு: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் போனவர்களுக்கு இந்த மாதிரி ஊர் எப்படி இருக்கும் என்று தெரியும்: தென்னந்தோப்பு, பால் சொசைட்டி, தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், மலையாளத்தில் ஓடும் ஆபீஸ்கள். சொசைட்டிக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவந்த பால்காரம்மா இறந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாயால் சொல்லும் பதில் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் வேறாகிவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். சட்ட விஷயங்களை இலவச சட்ட உதவி வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்தேன். ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை.

ஏனுங்க அக்கா, உண்மையிலயே என்னதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். 2024 ஐப்பசியில், விடிய விடிய மழை பெய்த ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலை, பால்காரம்மாவின் கேன் சொசைட்டிக்கு வரவில்லை. இருபது வருஷத்தில் அவர் பால் ஊற்றாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கறக்காத மாடு கத்திக்கொண்டே இருந்ததால் பக்கத்துத் தோப்பு அக்கா போய்ப் பார்த்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அந்த அம்மா கிடந்தார். கழுவின தூக்குப்போசி கொட்டகைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. பிரேதப் பரிசோதனையில் கொலை என்று தெரிந்தது. திருப்பூரிலிருந்து வந்த மகள் புகார் கொடுத்தார், வழக்குப் பதிவானது. இன்று வரை யாரும் கைதாகவில்லை.

நகை போனதா, வந்தது ஒருவரா இரண்டு பேரா, நிலத்தகராறா என்பதெல்லாம் டீக்கடையில் பிறந்த பேச்சு. அதில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இது 302 கேஸ்தானுங்களே?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் கொலைக்கு 302. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் கொலைக்கான பிரிவு 103. தண்டனை முன்பு போலவே தூக்கு அல்லது ஆயுள். எஃப்.ஐ.ஆரில் 302 இல்லையே, கேஸைச் சின்னதாக்கிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

மகள் சொன்னது தமிழில. எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில இருக்கு. மாத்தி எழுதியிருந்தா என்ன பண்றது?

நியாயமான பயம். நம் ஊரில் பாதிப் பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. வாயால் சொல்லும் புகாரை போலீஸ் எழுதிக்கொண்டு, அதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நகல் இலவசம். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் இருக்கிறது. இனி நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் உள்ளவைதான். வாசித்தது புரியவில்லை என்றால், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. முடிந்தால் தமிழிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். பால்காரம்மாவின் மகளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் மனுக்கள் எல்லாம் தமிழில்தான்.

‘மொழி’ எடுக்க வர்றாங்க. அதுல கையெழுத்துப் போடணுமா?

ஸ்டேஷனில் ‘மொழி’ என்றால் வாக்குமூலம். சாட்சியாக உங்களை விசாரித்து போலீஸ் எழுதுவதில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று 181ஆம் பிரிவே சொல்கிறது. முந்தின பதிலில் சொன்ன புகாருக்குக் கையெழுத்து உண்டு, இதற்குக் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஒளிந்தவர்கள் நம் ஊரில் உண்டு. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு, அதில் கையெழுத்து வாங்குவார்கள்.

சொல்லும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது, மற்றவர் சொன்னது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘ராத்திரி ஒரு பைக் சத்தம் கேட்டது’ என்று முதல் நாள் சொன்ன ஒருவர், பத்தாவது நாள் ‘சிவப்பு பைக்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நடுவில் ஊரெல்லாம் சிவப்பு பைக் என்று பேசியது, அது அவர் நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இப்படித்தான் நல்ல சாட்சியம் வீணாகிறது. இன்னும் சொல்லாமல் இருப்பவர்கள் யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

பொம்பளைங்களையும் வயசானவங்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாங்களா?

கூடாது. சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும், உடல் ஊனம், மனநலக் குறை, கடும் நோய் உள்ளவர்களையும் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். இது 179ஆம் பிரிவு. அவர்களாக விருப்பப்பட்டுப் போனால் போகலாம். நம் ஊரில் ஒரு முறை இப்படி வரச் சொன்னபோது, இந்தப் பிரிவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போலீஸ் நாய் தேங்காய் பறிக்கிற தம்பி வீட்டு வாசல்ல போய் நின்னுச்சே. அப்புறம் என்ன சந்தேகம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். பதில் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இனியும் அலுக்காது.

நாய் மோப்பம் போலீசுக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். அதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், மோப்ப நாய் சாட்சியத்தில் இயல்பாகவே பலவீனம் உண்டு, நாயும் தவறலாம், அதைப் பிடித்து வருகிறவரும் தவறலாம் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்று ராத்திரி முழுக்க மழை வேறு. அந்தத் தம்பி முதல் நாள் சாயங்காலம் வரை அந்த அம்மாவின் தோப்பில் தேங்காய் பறித்துப் போட்டவர். அவர் கால் படாத இடம் அங்கே ஏது? நாய் அவர் வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

போலீஸ் அவரை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தது, மூன்று தடவையும் அனுப்பிவிட்டது. ஊர்தான் அனுப்பவில்லை. மரம் ஏற யாரும் கூப்பிடவில்லை. கடையில் அவர் மனைவிக்குக் கடன் நின்றது. ஒரு நாள் காலை அவர் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு வார்த்தை எழுதியிருந்தது, கீழே பிள்ளைகளின் கையெழுத்து மாதிரி கோணலாக. தை பிறப்பதற்குள் கைக்குழந்தையோடு பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார்கள். அந்தச் சுவரைக் கடந்துதான் நான் தினமும் கடைக்கு வந்தேன். அதை அழிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது.

கொலை நடந்த அன்னைக்கு ஒருத்தர் போன் தமிழ்நாட்டு டவர்ல இருந்துச்சாம். வீட்ல இருந்தேன்னு சொன்னது பொய்தானே?

உங்கள் போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் நில்லுங்கள். கேரளாவில் நின்றுகொண்டே தமிழ்நாட்டு டவர் பிடிக்கும். மொட்டைமாடிக்கு ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. எல்லையோரத்தில் டவரை மட்டும் வைத்து ஒருவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்ல முடியாது. இந்தச் சங்கதி வெளியூரிலிருந்து மாறி வரும் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். மகளின் மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

அழைப்புப் பதிவுகளை போன் கம்பெனிகள் குறைந்தது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் விதி. கடைகளில் இருக்கும் கேமரா அப்படி இல்லை. சில நாளிலோ சில வாரத்திலோ பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். இனிமேல் ஊரில் எது நடந்தாலும் முதல் வேலையாகக் கேமரா பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தோன்றவில்லை.

செஞ்சவன் பார்டர் தாண்டிட்டான்னா கேரளா போலீஸ் என்ன பண்ண முடியும்?

எங்கும் போய்ப் பிடிக்கலாம். பிடிக்க வேண்டியவரைத் துரத்தி இந்தியாவில் எந்த இடத்துக்கும் போக போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது. நம் வயலுக்கு நடுவே மாநில எல்லைக் கோடு ஓடுகிறது, குற்றத்துக்கு அந்தக் கோடு கிடையாது. எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று தெரியாவிட்டால், சம்பந்தப்பட்ட எந்தப் பகுதிக் கோர்ட்டும் விசாரிக்கலாம்.

எல்லாரையும் உண்மை கண்டறியிற மெஷின்ல உக்கார வெச்சா தெரிஞ்சிடாதுங்களா?

ஒருவர் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுப்பது அவரவர் உரிமை. மறுத்தவரைப் பார்த்து ‘மடியில் கனம் இருக்கு’ என்று சொல்லாதீர்கள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல மிளகாய் அரைச்சுப் பூசலாமுங்களா?

போங்கள். நானும் அந்த அம்மாவின் மகளும் போய் வந்தோம். நீதிக்கல்லில் மிளகாயை அரைத்துப் பூசும்போது கை எரிந்தது, மகள் ஒரு வருஷமாக அடக்கி வைத்ததை அங்கேதான் வாய்விட்டு அழுதார். அந்த அழுகைக்கு ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ இடம் கிடையாது.

ஒன்றே ஒன்று, யார் பெயரையும் சொல்லிப் பூசாதீர்கள். ‘செய்தவர் யாரோ அவரைப் பார்த்துக்கொள் தாயே’ என்று விட்டுவிடுங்கள், அவளுக்குத் தெரியும். மை போட்டுப் பார்ப்பது, குறி கேட்பது ஆகியவற்றை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ‘தெற்கு வீடு, உயரமான ஆள்’ என்று ஒருவர் குறி சொன்னதால் தெற்குத் தெருவில் இரண்டு குடும்பங்கள் இன்று வரை பேசிக்கொள்வதில்லை.

வாட்ஸப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. பார்வர்டுதானே பண்ணேன், அது தப்பா?

தப்பு. ஆதாரமில்லாமல் ஒருவரைக் கொலைகாரர் என்று பரப்பினால் அவதூறு வழக்கு வரலாம், நான் எழுதவில்லை என்பது தப்பிக்க வழியாகாது. சட்டத்தை விடுங்கள். நாய் பற்றிய பதிலில் சொன்ன அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் உண்மையிலேயே தகவல் இருந்தால் ஸ்டேஷனில் கொடுங்கள். தகவல் யார் கொடுத்தார் என்பதை வெளியே சொல்லும்படி போலீசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது.

கேஸை மூடிட்டாங்களாமே? அவ்வளவுதானா?

இன்னும் மூடவில்லை. ஒருவேளை ‘குற்றவாளி தெரியவில்லை’ என்று கோர்ட்டில் அறிக்கை கொடுத்தாலும் அது முடிவல்ல. அதை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்குத் தெரிவித்து, அவர் பேச்சையும் கேட்க வேண்டும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். பிறகு புதுத் துப்புக் கிடைத்தாலும் மேல்விசாரணை செய்ய 193ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கொலைக்குக் காலக்கெடு கிடையாது. முப்பது வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். பால்காரம்மாவின் மகளுக்குத் தானாக வரவில்லை. தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுத்த பிறகு ஒரு தாளில் நாலு வரி வந்தது. நாலே வரிதான், ஆனாலும் அவர் அதை லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார்.

சி.பி.ஐ.க்கு மாத்தச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டா நடக்குமா?

கையெழுத்து மட்டும் போதாது. ஒரு மாநிலத்தில் சி.பி.ஐ. விசாரிக்க அந்த மாநில அரசின் சம்மதம் வேண்டும். பொதுவாகக் கொடுத்திருந்த சம்மதத்தைக் கேரளா 2020 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் அந்தச் சம்மதம் தேவையில்லை. அதற்கு எர்ணாகுளத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், கோர்ட்டும் எல்லா வழக்கையும் அப்படிக் கொடுத்துவிடாது. முதலில் கிரைம் பிராஞ்சுக்கு மாற்றக் கேட்பதுதான் நடக்கக்கூடிய வழி. அந்த மனு போயிருக்கிறது. சி.பி.ஐ. வந்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் இல்லை. 2012 மார்ச்சில் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலையை சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., சிறப்புக் குழு என்று எல்லோரும் விசாரித்தும் வருஷக்கணக்கில் துப்புத் துலங்கவில்லை.

இத்தனை நாள் கழிச்சு எந்தக் கேஸாவது தெரிஞ்சிருக்குங்களா, சும்மா சொல்றீங்களா?

நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1992 மார்ச் 27 அன்று கோட்டயத்தில் ஒரு மடத்துக் கிணற்றில் கன்னியாஸ்திரி அபயாவின் உடல் கிடைத்தது. முதலில் தற்கொலை என்றார்கள். 1993இல் சி.பி.ஐ. கைக்குப் போனது. 2020 டிசம்பரில்தான் திருவனந்தபுரம் சி.பி.ஐ. கோர்ட் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 28 வருஷம்! 2022இல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்தி வைத்து அவர்களை ஜாமீனில் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வழக்கில் என் மனதில் நிற்பவர், அன்றைக்கு அந்த மடத்துக்குத் திருடப் போன ஒரு மனிதர். அத்தனை வருஷத்திலும் தான் பார்த்ததை அவர் மாற்றிச் சொல்லவில்லை. திருடர் பேச்சை யார் கேட்பார்கள் என்று பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

ஆளே கிடைக்காம அரசு பணம் தருமா?

விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யாரென்று தெரியாமல், விசாரணை கோர்ட்டுக்கு வராவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருந்தவர்களோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். 396ஆம் பிரிவு. இரண்டு மாதத்துக்குள் ஆணையம் விசாரித்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ‘செத்தவங்களை வெச்சுக் காசு பார்க்குறா’ என்று மகளைப் பேசியவர்களுக்கு: திருப்பூருக்கும் இங்கும் அலைந்ததில் பனியன் கம்பெனி வேலை போய், அவர் இப்போது வீட்டில் பீஸ் தைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்க பாப்பா சாயங்காலம் ஆனா கொல்லைப்பக்கம் போக மாட்டேங்குது. திட்டலாமா, விட்டுடலாமா?

திட்டாதீர்கள். ‘ஒண்ணுமே நடக்கல’ என்று பொய்யும் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நடந்தது உண்மை, செய்தவரைத் தேடுகிறார்கள், நாங்கள் உன் கூட இருக்கிறோம் என்று சின்னதாகச் சொல்லுங்கள். குழந்தைகள் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தூக்கம், சாப்பாடு வாரக்கணக்கில் கெட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். பெரியவர்களுக்கும் அதே எண்தான். அந்த அம்மாவைக் கண்டெடுத்த பக்கத்துத் தோப்பு அக்கா ஆறு மாதம் விளக்கை அணைக்காமல் தூங்கினார், யாரிடமும் சொல்லவில்லை.

மாட்டை யார் பார்த்துக்குறாங்க?

அதே அக்காதான். தினமும் அந்த மாட்டுப் பாலைத் தனியாக, பால்காரம்மாவின் உறுப்பினர் எண்ணிலேயே ஊற்றுகிறார். சொசைட்டிக்காரர்கள் அந்த எண்ணை அடிக்கவில்லை. பணம் மகள் கணக்குக்குப் போகிறது.

தேங்காய் பறிக்கிற தம்பி குடும்பம் திரும்ப வருமா?

அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஊரிலிருந்து நாலு பேர் போய்க் கூப்பிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி டீ வைத்துக் கொடுத்துவிட்டு, ‘குழந்தை இங்க பழகிடுச்சுங்க’ என்றார்.

எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு அக்கா. இத்தனை நாள் கழிச்சு சொன்னா திட்டுவாங்களா?

திட்டலாம். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். பயமாக இருந்தது என்றால் அதையே சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புக்கு மனு கொடுக்கலாம், 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட திட்டம் இருக்கிறது. சின்ன விஷயம், இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ‘மொழி’ பற்றிய பதிலில் சொன்னபடி முதலில் எழுதுங்கள். எழுத வராதென்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, அப்போது வாருங்கள். நீங்கள் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதித் தருகிறேன். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு நானும் கூட வருகிறேன். இதுவரை மூன்று பேர் அப்படி வந்திருக்கிறார்கள்.